ஊசிக்கரட்டை விடாத கிரகணம்

ஊசிக்கரடு என்ற ஊரில் ஓர் ஆனி மாதத்து அமாவாசையன்று காலையில் சூரியனைக் கிரகணம் பிடித்தது. பிடித்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது, டிவியில் சொல்லியிருந்தார்கள், மாரியம்மன் கோயில் நடையைச் சாத்தியிருந்தார்கள், வீடுகளில் தண்ணீர்க் குடத்திலும் மாவுச் சட்டியிலும் தர்ப்பைப் புல் போட்டிருந்தார்கள், வேலையற்றவர்கள் பழைய எக்ஸ்ரே படங்களைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிகளில் நின்றார்கள். சந்திரன் வந்தது, முக்கால்வாசிச் சூரியனை மறைத்தது, தேங்காய்க் கீற்று மாதிரி ஒரு துண்டை மட்டும் மிச்சம் வைத்தது, அப்படியே நின்றுகொண்டது. பஞ்சாங்கத்தில் கிரகணம் விடும் மோட்ச காலமும் போட்டிருந்தது. ஆனால் சந்திரன் பஞ்சாங்கம் வாங்குவதில்லை. மறுநாள் கரட்டுக் குன்றுக்குப் பின்னாலிருந்து கீற்றாகவே உதித்த சூரியன் கீற்றாகவே உச்சிக்கு வந்து கீற்றாகவே மறைந்தது. பழம்பாட்டுகளில் பாம்பு விழுங்கும், சற்று நேரத்தில் கக்கிவிடும்; இந்தப் பாம்புக்கு விழுங்கவும் மனமில்லை, கக்கவும் மனமில்லை, வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

அதுவும் ஊசிக்கரட்டுக்கு மட்டும்தான். ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டினால் முழுச் சூரியன் சுட்டெரித்தது. பெரிய பெரிய குழாய்களோடு விஞ்ஞானிகள் வந்தார்கள், அளந்தார்கள், பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நடந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு முட்டை தோசை சாப்பிட்டுவிட்டு அறிக்கை பிறகு வரும் என்று போனார்கள். அறிக்கை வரவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஏனென்றால் ஊருக்கு அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன. கிரகணத்தில் சாப்பிடக் கூடாது, சரி, எத்தனை வேளைக்கு? அன்று இரவே பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில் கூட்டம் நெருக்கியது. மூன்றாம் நாள் சாப்பாட்டு விலக்கு தானாகவே உதிர்ந்துபோனது. நடை சாத்திய பூசாரி ஒரு வாரம் பொறுத்தார், பிறகு, அம்மனைப் பட்டினி போட எந்தச் சாஸ்திரத்திலும் இடமில்லை என்று ஒரு சாஸ்திரத்தைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார். கோழிப் பண்ணைகளில் கோழிகள் நடுப்பகலை அந்தியென்று நினைத்துத் தூங்கின. பல்பு கட்டியதும் முட்டையிட்டன. மிளகாயையும் வடகத்தையும் மூட்டை கட்டி எல்லைக்கு அப்பால் காயப்போட பஸ்ஸில் அனுப்பினார்கள், பாறைப்புதூர் போகும் பஸ்ஸின் கண்டக்டர் "வெயில், வெயில்" என்று கூவி ஆள் ஏற்றினார், வயசானவர்கள் முட்டிவலிக்கு வாரம் ஒருமுறை "வெயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார்கள். வேப்பமர நிழலில் இலைகளின் இடைவெளி வழியே விழும் வெளிச்சமெல்லாம் வட்டமாக இல்லாமல் பிறைபிறையாக விழுந்தது. நிழல்களின் விளிம்பு பேனாவால் கோடு போட்டது போலக் கூர்மையாக இருந்தது. தலைமுடி ஒவ்வொன்றும் தரையில் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு மாதத்தில் அதுவும் பழகிப்போனது. எதையும் பழக்கமாக்கிக்கொள்ளும் அந்த ஊரின் திறமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

எல்லா விதிகளும் இப்படித் தளர்ந்தபோது ஒரே ஒரு விதி மட்டும் அசையவில்லை. கர்ப்பிணிகள் கிரகணத்தில் வெளியே வரக் கூடாது, எதையும் அரியக் கூடாது, கிழிக்கக் கூடாது. மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும். இந்த விதி மட்டும் நிலைத்ததற்குக் காரணம் சுலபம்: விதியைத் தளர்த்தக்கூடிய யாருக்கும் வயிற்றில் பிள்ளை இல்லை.

மரகதத்துக்கு இருந்தது. நாள் தள்ளிப்போயிருப்பது உறுதியான அந்த வாரத்தில்தான் கிரகணம் பிடித்தது. செங்கோட்டுவேல் என்ற கோழிப் பண்ணை சூப்பர்வைசரின் மனைவி அவள். ஐந்து வயதில் வஞ்சி என்று ஒரு மகள் உண்டு. வஞ்சி மேலுதடும் உள்ளே அண்ணமும் பிளந்து பிறந்தவள். மூன்றாம் மாதத்தில் உதட்டையும் ஒரு வயதில் அண்ணத்தையும் ஆபரேஷன் செய்து தைத்திருந்தார்கள், மூக்கிலிருந்து உதடு வரை நூல் போல ஒரு தழும்பு இருந்தது, ப, த போன்ற எழுத்துகள் அவள் வாயில் கொஞ்சம் மூக்கு வழியாகப் போய்விட்டு வந்தன. இதற்குக் காரணம் யார் என்பதில் அந்த வீட்டில் சந்தேகமே இருந்ததில்லை. வஞ்சி வயிற்றில் இருந்தபோது வந்த ஒரு கிரகணத்தன்று, காப்பி போட வேண்டுமென்று மரகதம் பால் பாக்கெட்டின் மூலையைப் பிளேடால் வெட்டியிருந்தாள். அதை மாமியார் பாவாயி கண்ணால் பார்த்திருந்தாள். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

பாவாயி கெட்டவள் அல்ல. பேத்தியை இடுப்பைவிட்டு இறக்கியதில்லை, ஆபரேஷனுக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் வஞ்சியைப் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் பால் பாக்கெட் கதையை முதலிலிருந்து சொன்னாள். சொல்லும்போது தன் கீழுதட்டை நீவிக்கொள்வாள். அந்தக் கீழுதட்டில் அடுத்தடுத்து இரண்டு சின்னக் குழிகள் இருந்தன. அவள் பிறந்த வீட்டில் பலருக்கும் அது உண்டு. அதற்கு ஆத்தா கிள்ளு என்று பெயர். பிள்ளை பிறந்ததும் மாரியாத்தா ஆசையாக உதட்டைக் கிள்ளிவிட்டுப் போகிறாள் என்று அர்த்தம். பாவாயிக்கு இருந்தது, மகள் யசோதைக்கு இருந்தது, மகன் செங்கோட்டுவேலுக்கு மீசைக்கும் தாடிக்கும் நடுவே, தேடினால், இருந்தது.

அதனால் மரகதம் இரண்டாவதாக உண்டானதும் பாவாயி உள்ளறை ஜன்னலில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டாள். "மூத்ததுக்கு ஒரு பால் பாக்கெட்டு. இதுக்கு ஊரே கிரகணத்துல கெடக்குது. என்ன கதியாகப் போகுதோ, உள்ள போ அம்மிணி" என்றாள். பாறைப்புதூரில் கட்டிக்கொடுத்த மகள் யசோதையும் அதே மாதம் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தையே பாவாயி ரத்து செய்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மகளுக்குச் சொல்லி அனுப்பினாள். மகளைப் பார்க்காமல் இருக்க முடியாததால் தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து வீடியோ கால் பேசினாள். செங்கோட்டுவேலிடம் அபிப்பிராயம் கேட்டால் கோழிக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது என்பான். பகலும் அந்தியுமற்ற அந்த ஊரில் கோழிகளுக்கு எந்நேரமும் தீனி வைக்கும் நேரமாகவே இருந்தது.

மரகதம் உள்ளறையில் இருந்தாள். அவளை யாரும் பூட்டவில்லை; தானே இருந்தாள், ஏனென்றால் அவளும் நம்பினாள். தன் கைதான் அந்தப் பிஞ்சு உதட்டைக் கிழித்தது என்று ஐந்து வருஷமாக நம்பி, பிளேடைத் தொடாமல், பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிறவளாக அவள் ஆகியிருந்தாள். அப்படி இருந்தவளிடம் ஒரு நாள் வஞ்சியின் டீச்சர் வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொன்னாள். வகுப்பில் ஒரு பிள்ளை உதட்டில் என்ன என்று வஞ்சியைக் கேட்டதாம். வஞ்சி ரொம்பச் சாதாரணமாக, "எங்கம்மா வெட்டிட்டாங்க" என்றாளாம்.

அதைக் கேட்ட பிறகு மரகதத்துக்கு அந்த இருட்டறையில் இரண்டு நினைப்புகள்தான் மாறி மாறி வந்தன. உள்ளே இருக்கும் பிள்ளையும் நாளைக்கு இதையே சொல்லுமோ என்பது ஒன்று. வெளியே இருக்கும் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறதே என்பது மற்றொன்று. வாரத்தில் மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் உதட்டை மூடி ப சொல்லவும் ம சொல்லவும் பழக்க வேண்டும். அவளைத் தவிர அழைத்துப்போக ஆளில்லை. பிறக்கப்போகிற பிள்ளையின் உதட்டுக்காகப் பிறந்துவிட்ட பிள்ளையின் பேச்சை விட்டுக்கொடுப்பதா என்று அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. சாக்கை விலக்கினாள், முந்தானையால் வயிற்றை மூடினாள், வஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாவாயி வாசலில் நின்று தலையிலடித்துக்கொண்டாள். தெருவே வந்து பார்த்தது. பிறைபிறையான வெளிச்சத்தை மிதித்துக்கொண்டு அவள் நடந்துபோனதைப் பார்த்தவர்களில், தத்தம் ஜன்னல் சாக்குகளின் ஓட்டை வழியே பார்த்த கர்ப்பிணிகளும் உண்டு.

அடுத்த வாரம் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குச் சர்க்கரை, ஊசி போட்டாக வேண்டும். பிறகு ஒருத்தி ரேஷன் கடைக்கு. பிறகு ஒருத்தி சும்மா. ஐப்பசி வாக்கில் ஊசிக்கரட்டின் கர்ப்பிணிகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், வெங்காயம் அரிந்தார்கள், மீன் கழுவினார்கள், ரவிக்கைத் துணி வெட்டினார்கள். முதலில் ஒருத்திக்குப் பிரசவமானபோது, ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் உதடு எப்படி என்று ஊர் கேட்டது. நன்றாக இருந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும். விழுந்தடித்துக்கொண்டு எல்லோரும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது; நின்றுபோன கிரகணத்துக்கு வீரியம் இல்லை, நகர்கிற கிரகணத்துக்குத்தான் உண்டு என்று பூசாரி விளக்கம் சொன்னார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையில் மரகதம் ஒன்றைக் கண்டாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி வஞ்சியை வாசலில் உட்காரவைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்து, உதட்டை மூடித் திறக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளிப் பாவாயி போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கூர்மையான வெளிச்சத்தில் பாவாயியின் கீழுதட்டுக் குழிகள் இரண்டும், படுத்துக் கிடக்கும் முக்காற்புள்ளி போல, அழுத்தமாகக் கறுத்துத் தெரிந்தன. மரகதம் திரும்பி மகளைப் பார்த்தாள். வஞ்சியின் கீழுதட்டிலும் அதே முக்காற்புள்ளி படுத்துக் கிடந்தது. ஐந்து வருஷமாக எத்தனையோ பேர் அந்த முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்கள், எல்லோரும் மேலுதட்டைத்தான் பார்த்தார்கள், பெற்றவளும் அப்படித்தான்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வஞ்சிக்கும் ஆத்தா கிள்ளு இருக்குதுங்க அத்தை என்று ஓடிப்போய்ச் சொன்னாள். பாவாயி பேத்தியின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது தையல் போட்ட வடு என்று சொல்லிவிட்டாள். தையல் மேலே போட்டார்கள், வடு கீழே வந்திருக்கிறது என்ற விசித்திரத்தை மரகதம் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் விடவுமில்லை. கிரகணம் என்ற சொல்லுக்குப் பிடித்தல் என்று பொருள். புரிந்துகொள்வதைக் கிரகித்தல் என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சூரியனைப் பிடித்தது விடாததுபோல அவளைப் பிடித்த நினைப்பும் விடவில்லை.

மாசியில் அவளுக்குப் பையன் பிறந்தான். உதடு பூவிதழ் மாதிரி கூடியிருந்தது, கீழுதட்டில் இரண்டு குழிகள். பாவாயி ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்து, "ஆத்தா கிள்ளிட்டா, பாருங்க" என்று காட்டினாள். மரகதம் குழந்தையை டாக்டரிடம் காட்டினாள். வஞ்சியையும் பக்கத்தில் நிறுத்தினாள். இந்தக் குழி என்ன, இவளுக்கும் இருக்கிறது, இவளுக்குப் பிளவு, இவனுக்கு இல்லை, ஏன் என்று கேட்டாள். டாக்டர் ஜெஸிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வஞ்சி பிறந்தபோது, சொந்தத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று தான் கேட்டதையும், எங்கள் பக்கம் அப்படியெல்லாம் கிடையாது என்று பாவாயி அடித்துச் சொன்னதையும் நினைவுபடுத்தினாள். பிறகு நிதானமாக விளக்கினாள். குழியும் பிளவும் வேறு வேறு இல்லை. ரத்த வழியில் வரும் ஒரே சங்கதிதான் ஒருவருக்குக் குழியாக நின்றுவிடும், ஒருவருக்குப் பிளவாக வரும், சிலருக்கு இரண்டும். குழி உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரலாம், வராமலும் போகலாம். காசைச் சுண்டிப் போடுவது போலத்தான். வந்தால் எந்த வடிவில் வரும் என்பது யார் கையிலும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு மேலுதடு கூடுவது இரண்டாம் மாதம் முடிவதற்குள்.

மரகதம் அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பால் பாக்கெட்டை வெட்டிய அன்று அவள் கை நிறைய வளைகாப்பு வளையல் கிடந்தது. ஏழாம் மாதம். இரண்டாம் மாதத்திலேயே முடிந்துபோன காரியத்தை ஏழாம் மாதத்தில் எந்தப் பிளேடால் வெட்டுவது? புறநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பக்கத்தில் இருந்தவர்கள் பிள்ளைக்கு என்னமோ என்று பயந்துபோனார்கள்.

இதை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் பாறைப்புதூரிலிருந்து போன் வந்துவிட்டது. முழு வெயிலில், கத்தியைத் தொடாமல், ஒரு காகிதத்தைக்கூடக் கிழிக்காமல் பத்து மாதம் சுமந்த யசோதைக்குப் பெண் பிறந்திருந்தது. உதடு மூக்கு வரை பிளந்திருந்தது, உள்ளே அண்ணமும்.

கிரகணம் படாத பிள்ளைக்கு எப்படி? பாறைப்புதூர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது. வீடியோ கால். ஊசிக்கரட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு பாவாயி தினமும் பேசினாள் அல்லவா, கிரகணம் போன் வழியாகப் போயிருக்கிறது. யசோதையின் மாமியார் அதையே அழுத்தமாகச் சொன்னாள்: "உங்கம்மாதான் காட்டிட்டாங்க கண்ணு. எங்க ஊட்டு மேல குத்தமில்லீங்க." பாவாயி போனை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, கோணிச்சாக்கு தொங்கிய அதே உள்ளறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடவில்லை. "என்ற கையாலயே என்ற மவளுக்குப் பண்ணிட்டனே" என்று முனகினாள். பால் பாக்கெட் கதையை ஐந்து வருஷம் கேட்டவளுக்கு இதைக் கேட்பதில் ஒரு சின்ன ருசி இருந்திருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்கு. பிறகு மரகதம், தீட்டுக் கழியாத பிள்ளை பெற்றவள் படி தாண்டக் கூடாது என்ற விதியையும் போகிறபோக்கில் தாண்டி, நெஞ்சோடு கட்டிய முந்தானையில் மகன், ஒரு கையில் மகள், இன்னொரு கையில் மாமியார் என்று வெயில் பஸ் ஏறினாள்.

பாறைப்புதூர் வீட்டில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. மாரில் வாய் வைத்தால் காற்றுதான் போனது. படுக்கவைத்துப் புகட்டியது மூக்கு வழியாக வந்தது. யசோதை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள், அம்மாவைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மரகதம் யாரிடமும் நியாயம் பேசவில்லை. பாலாடை இருக்கிறதா என்று கேட்டாள். பிள்ளைக்குப் பால் புகட்டும் அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் அலமாரியில் இருந்தது. யசோதையை எழுப்பி உட்காரவைத்துப் பாலைப் பீய்ச்சச் சொன்னாள், குழந்தையை நெஞ்சோடு நட்டமாக நிமிர்த்திப் பிடித்தாள், பாலாடையின் மூக்கைக் கன்னத்தின் ஓரமாக வைத்து, ஒரு சொட்டு, பொறுத்து இன்னொரு சொட்டு என்று விட்டாள். வஞ்சிக்கு இப்படித்தான், மூணு மாசத்துல குண்டாயிட்டா, அப்புறம் தைச்சுட்டாங்க என்று யசோதையிடம் சொல்லிக்கொண்டே புகட்டினாள். குழந்தை விழுங்கியது.

அதன் பிறகுதான் எல்லோரையும் வாசல் வெயிலுக்கு அழைத்தாள். இந்தக் குழந்தையின் கீழுதட்டைக் காட்டினாள், யசோதையின் உதட்டை, வஞ்சியின் உதட்டை, தன் மகனின் உதட்டை. எல்லாவற்றிலும் அந்த இரட்டைக் குழி. கடைசியில் பாவாயியின் முகத்தருகே வந்து நின்றுவிட்டாள்.

"போன்ல ஒண்ணும் வரலீங்க. ரத்தத்துல வந்துருக்குது" என்றாள்.

பாவாயி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப என்னாலதான் வந்துச்சா?"

"உங்க வழியா வந்துருக்குதுங்க அத்தை. உங்களால வரல."

இலக்கணம் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆல் என்பது மூன்றாம் வேற்றுமை உருபு. செய்தவரைச் சுட்டும், குற்றம் சாட்டும். வழியாக என்பது வெறும் பாதை. ஓடையின் மேல் வழக்குப் போட முடியாது. மரகதம் பத்தாம் வகுப்போடு நின்றவள், வேற்றுமை எல்லாம் மறந்துபோனவள். ஆனால் ஐந்து வருஷம் ஆல் உருபைத் தலையில் சுமந்தவளுக்கு அதன் எடை தெரியும்.

பாவாயி வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு வஞ்சியை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "உங்கம்மா ஒண்ணும் வெட்டல சாமி. அப்பத்தாதான் தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள். வஞ்சி தன் உதட்டையும் அவள் உதட்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். யசோதையின் மாமியார் உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய மன்னிப்பு அதுதான்.

சாயங்காலம் பஸ் திரும்பி வந்தபோது கண்டக்டர் முகம் செத்துப்போய், ஊசிக்கரட்டில் கிரகணம் விட்டுவிட்டது, மத்தியானம் முழுச் சூரியன் வந்துவிட்டது என்று தெருவில் கத்திக்கொண்டு போனார். அந்த வீட்டில் யாரும் எழுந்து பார்க்கவில்லை. குழந்தைக்குப் பசிவேளை. பாவாயி கையை நீட்டிப் பாலாடையைக் கேட்டு வாங்கினாள். மரகதம் காட்டியபடியே பேத்தியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தாள், கன்னத்தோரம் ஒரு சொட்டு விட்டாள், பொறுத்தாள், விழுங்கும் சத்தம் கேட்டது, இன்னொரு சொட்டு விட்டாள்.

"எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தானாமா" என்றாள், குழந்தையின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பால் குடிக்கத் தெரியாத புள்ளைன்னு சொல்லுவாங்க. பேரு வெக்கறதுக்குள்ள போயிட்டான். எங்கம்மாவும் கிரகணத்துல எதையோ அரிஞ்சிட்டான்னு, சாகற வரைக்கும் எங்கய்யன் அவ கையில அருவாமணையக் குடுக்கல."

குழந்தை இன்னொரு சொட்டை விழுங்கியது.

"குடிக்கத் தெரியாம இல்லடி. இப்பிடி நிமுத்திப் புடிக்க ஆளில்ல" என்றாள் பாவாயி. கிண்ணம் காலியானது. பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் பால் எடுத்துத் தரச் சொன்னாள்.